எஞ்சினுக்கு ஒரு தண்ணீர் டிரம்

நமது வணிகர்களில் பலருடைய கடையின் பின்கட்டில் இன்னும் ஒரு பழைய டீசல் எஞ்சின் சாக்குப்பை போர்த்திக்கொண்டு நிற்கிறது. ஒரு காலத்தில் மாவு மில்லையும் மிளகாய் அரைக்கும் இயந்திரத்தையும் ஓட்டியது. பிறகு மின்சார மோட்டார் வந்ததும் ஒதுக்கப்பட்டது. மின்வெட்டுக் காலத்தில் தூசி தட்டி எடுக்கப்பட்டு, ஒரு ஆல்டர்னேட்டருடன் இணைக்கப்பட்டு, ஃப்ரீசருக்கும் விளக்குக்கும் கரண்ட் கொடுத்தது. 2012-ஆம் ஆண்டில் சென்னையில் தினமும் 2 மணி நேரமும், வெளியூர்களில் அதற்கும் பல மடங்கும் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். இன்று அத்தகைய அறிவிக்கப்பட்ட மின்வெட்டு இல்லை. ஆனால் புயல் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் வர்தா, 2023 டிசம்பர் மிக்ஜாம் என்று டிசம்பர் மாதம் வந்தாலே சாந்தோம், பட்டினப்பாக்கம், மயிலாப்பூர் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைகிறது.

இந்தக் கட்டுரை எஞ்சினைப் பற்றியதல்ல. அதன் அருகில் நிற்கும் தண்ணீர் டிரம்மைப் பற்றியது. எஞ்சினுக்கு ஆயில் மாற்றுகிறோம், டீசல் வடிகட்டி மாற்றுகிறோம். தண்ணீரை மட்டும், "அது பாட்டுக்கு ஊற்றி வைத்தால் போதும்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன்.

வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்தது. எங்கள் தெருவில் மரங்கள் கம்பிகளோடு சாய்ந்து கிடந்தன. மின்சாரம் எப்போது வரும் என்று கேட்கக்கூட ஆள் இல்லை. முதல் நாள் மாலையே எங்கள் 5 குதிரைத்திறன் எஞ்சினை ஓட்ட ஆரம்பித்தோம். ஃப்ரீசரில் பாலும் வெண்ணெயும், குளிர்பெட்டியில் மாவுப் பாக்கெட்டுகளும் இருந்தன. தெருவில் உள்ளவர்கள் செல்போனை சார்ஜ் செய்ய வந்து வரிசையில் நின்றார்கள். இரண்டு நாள் நன்றாகவே ஓடியது. மூன்றாம் நாள் பிற்பகல் கடைப்பையன் ஓடி வந்து, "அண்ணாச்சி, எஞ்சின் சத்தம் வேற மாதிரி இருக்கு" என்றான். போய்ப் பார்த்தால் டிரம்மில் தண்ணீர் இருக்கிறது. மேல் குழாய்க்கு இரண்டு விரல் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். எஞ்சின் தலையில் கையை அருகில் கொண்டு போக முடியவில்லை. பதற்றத்தில் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரை எடுத்து நேரே எஞ்சினின் தண்ணீர் வாயில் ஊற்றினேன். "டிக்" என்று ஒரு சத்தம். சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டுவிட்டது. வேறு ஹெட் கிடைத்து மாட்ட 11 நாள் ஆயிற்று. அதற்குள் கரண்டும் வந்துவிட்டது, ஃப்ரீசரில் இருந்த சரக்கும் குப்பைக்குப் போய்விட்டது.

அந்த ஒரு பிற்பகலில் நான் இரண்டு தவறு செய்தேன். ஒன்று, தண்ணீர் மட்டத்தைக் கவனிக்காதது. மற்றொன்று, சூடான இரும்பில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியது. இவை ஏன் தவறு என்று தெரிந்துகொண்டால் டிரம்மை எப்படி வைக்க வேண்டும் என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

டீசல் கணக்கு

எஞ்சினில் நாம் ஊற்றும் டீசலை ஒரு பேரேட்டுக் கணக்காகப் பார்க்கலாம். 100 ரூபாய்க்கு டீசல் எரிந்தால், சின்ன எஞ்சினில் சுமார் 30 ரூபாய்தான் நமக்கு வேலையாகக் கிடைக்கிறது. இன்னொரு 30 ரூபாய் புகையோடு வெளியே போகிறது. 10 ரூபாய் அளவுக்கு எஞ்சின் உடம்பிலிருந்தே காற்றில் கலக்கிறது. மீதி 30 ரூபாய் சிலிண்டர் சுவர் வழியாகத் தண்ணீருக்குப் போகிறது. நமக்குக் கிடைக்கும் வேலைக்குச் சமமான வெப்பம் தண்ணீரில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வெப்பத்தை யாராவது வாங்கிக்கொண்டு போக வேண்டும். வாங்க ஆள் இல்லையென்றால் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலம் கருகி, பிஸ்டன் விரிந்து, அப்படியே பிடித்துக்கொள்ளும்.

5 குதிரைத்திறன் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். அதில் தண்ணீருக்குப் போகும் வெப்பம், 200 லிட்டர் டிரம் ஒன்றை மணிக்குச் சுமார் 13 டிகிரி சூடாக்கப் போதுமானது. காலையில் 30 டிகிரியில் தொடங்கினால், நான்கு மணி நேரத்துக்குள் 80 டிகிரிக்கு வந்துவிடும். உண்மையில் டிரம்மின் பக்கங்களிலிருந்தும் மேற்பரப்பிலிருந்தும் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருப்பதால் இன்னும் சற்று நேரம் தாங்கும். பாதிச் சுமையில் ஓடினால் ஒரு டிரம்மே நாள் முழுக்கச் சமாளித்துவிடும். முழுச் சுமையில் தொடர்ந்து ஓட்டுபவர்கள் இரண்டு டிரம் வைப்பதே நல்லது.

அந்த வெப்பம் முழுவதும் தண்ணீரை ஆவியாக்குவதற்கே செலவானால்கூட மணிக்கு 5 லிட்டருக்கு மேல் போகாது. நாள் ஒன்றுக்கு 10 மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 50 லிட்டர். சாதாரணமாக அதில் பாதிகூட இராது. ஆனால் 200 லிட்டர் டிரம்மில் மேல் குழாய்க்கு மேலே இருக்கும் தண்ணீர் வெறும் 25 லிட்டர் அளவுதான். எங்கள் டிரம் மூன்றாம் நாள் ஏமாற்றியதற்கு இதுவே காரணம். டிரம் நிறையத் தண்ணீர் இருப்பதாக நாம் நினைக்கிறோம். எஞ்சினுக்கு உதவுவது அந்த மேல் நான்கு அங்குலம்தான்.

பம்ப் இல்லாமல் தண்ணீர் எப்படிச் சுற்றுகிறது?

தராசு பிடிக்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. 50 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீர் 988 கிராம் இருக்கும். 80 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் 972 கிராம்தான். வித்தியாசம் 16 கிராம். எஞ்சினுக்குள் சூடான தண்ணீர் ஒரு தட்டிலும், டிரம்மில் உள்ள ஆறிய தண்ணீர் இன்னொரு தட்டிலும் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கனமான தட்டு இறங்குகிறது, லேசான தட்டு ஏறுகிறது. டிரம்மின் அடியிலிருந்து ஆறிய தண்ணீர் எஞ்சினுக்குள் போய், சூடாகி மேலே ஏறி, மேல் குழாய் வழியே டிரம்மின் தலைக்குத் திரும்புகிறது. மோட்டார் இல்லை, பெல்ட் இல்லை, பழுதாகும் பாகம் எதுவும் இல்லை. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரிலேயே இந்த முறைதான் பயன்பட்டது. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் கம்பெனி செய்த மெதுவாக ஓடும் டீசல் எஞ்சின்களும், அவற்றைப் பார்த்து குஜராத்தின் ராஜ்கோட்டில் செய்யப்பட்ட எஞ்சின்களும் பெரும்பாலும் இப்படித் தொட்டி வைத்தே ஓடின. நம் ஊர் அரிசி மில்களிலும் மாவு மில்களிலும் எஞ்சின் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டியைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள்.

ஆனால் 16 கிராம் என்பது மிகச் சிறிய தூக்கு. ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம்தான் கிடைக்கிறது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு அரை அங்குலக் குழாய் மாட்டினால் தண்ணீர் நகரவே நகராது. எஞ்சினின் தண்ணீர் வாய் எவ்வளவு அகலமோ அதற்குக் குறையாத குழாய்தான் போட வேண்டும். இந்த அளவு எஞ்சின்களுக்கு ஒன்றேகால் அல்லது ஒன்றரை அங்குலம் பொருத்தம். எல்போக்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இடையில் கேட் வால்வு வைத்தே ஆக வேண்டும் என்றால் முழுத் துவாரம் திறக்கும் வகையாக ஒன்று மட்டும், அதுவும் கீழ்க் குழாயில் வைக்கலாம். யாராவது அதை மூடிவிட்டு மறந்துபோகும் ஆபத்து இருப்பதால், நான் வைப்பதில்லை.

டிரம்மை எங்கே, எப்படி?

டிரம்மின் அடிக் குழாய், எஞ்சினின் கீழ்த் தண்ணீர் வாய்க்குச் சமமாகவோ சற்று உயரமாகவோ இருக்க வேண்டும். தரையில் அப்படியே நிறுத்திவிடுவது பெரும்பாலும் சரிப்படாது. செங்கல் அடுக்கி மேடை கட்டி அதன் மேல் வையுங்கள். நிறைந்த டிரம் 200 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால், மர ஸ்டூலோ காலிப் பெட்டியோ உதவாது. அடிக் குழாயை டிரம்மின் அடியிலிருந்து மூன்று அங்குலம் மேலே பொருத்தினால், வண்டலும் துருவும் அடியிலேயே தங்கிவிடும். அதைத் திறந்துவிட அடியில் ஒரு சிறு குழாய் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

மேல் குழாய் எஞ்சினிலிருந்து டிரம்முக்கு வரும் வழி முழுவதும் ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் தூக்கி, மறுபடி இறங்கினால், அந்த மேட்டில் காற்றுக் குமிழ் தங்கிச் சுற்றோட்டத்தை அடைத்துவிடும். ஹோஸ் பைப் சூட்டில் இளகித் தொய்ந்தாலும் இதே கதைதான். டிரம்முக்குள் அது நுழையும் இடம் தண்ணீர் மட்டத்துக்கு நான்கு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். இந்த மேல் குழாயின் வாய் எப்போதும் தண்ணீருக்குள் முழுகியிருந்தால்தான் சுற்றோட்டம் தொடரும். வாய் வெளியே தெரிந்த அந்த நிமிடமே தராசு நின்றுவிட்டது என்று பொருள். டிரம்மின் உட்புறத்தில் குழாய்க்கு இரண்டு அங்குலம் மேலே ஒரு சிவப்புப் பெயிண்ட் கோடு போட்டு வையுங்கள். கடையில் வேலை செய்யும் பையனுக்கும், "இந்தக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் போனால் எஞ்சினை நிறுத்து" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

எஞ்சின் அதிர்ந்துகொண்டே இருக்கும், டிரம் அசையாது. ஆகவே இரண்டையும் இரும்புக் குழாயால் மட்டுமே இணைத்தால் சாலிடரோ வெல்டிங்கோ சீக்கிரம் விட்டுப்போகும். நடுவில் ஒரு அடி ரப்பர் ஹோஸ் வைத்து இரு பக்கமும் கிளிப் போடுவது வழக்கம். லாரிக்குப் போடும் ரேடியேட்டர் ஹோஸ்தான் சூட்டைத் தாங்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் ஒரே நாளில் நசுங்கிப் படுத்துவிடும்.

இரண்டு டிரம் வைப்பவர்கள் மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய் என இரண்டையும் இணைத்துவிட வேண்டும். சூட்டுத் தண்ணீர் முதல் டிரம்மின் தலையில் விழட்டும். எஞ்சினுக்குப் போகும் தண்ணீர் இரண்டாவது டிரம்மின் அடியிலிருந்து போகட்டும்.

டிரம் எது? சமையல் எண்ணெய் வந்த இரும்பு டிரம் நம் கடையிலேயே இருக்கும். சோடா உப்பும் சுடுதண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவிவிட்டால் போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது எஞ்சினுக்குள் போய்ச் சுவரில் படிந்து வெப்பத்தைத் தடுக்கும். பிளாஸ்டிக் டிரம் 80 டிகிரியில் இளகும். வெப்பத்தையும் இரும்பு டிரம்மைப் போல் வெளியே விடாது. இங்கே ஒரு எச்சரிக்கை. டீசல், பெட்ரோல், தின்னர், பெயிண்ட் இருந்த காலி டிரம்மில் துளை போட கேஸ் கட்டிங்கோ வெல்டிங்கோ செய்யாதீர்கள். கழுவியது போலத் தெரிந்தாலும் உள்ளே தங்கிய ஆவி வெடித்து மூடி பறந்துவிடும். பட்டறைகளில் உயிர்ச் சேதமே நேர்ந்திருக்கிறது. அத்தகைய டிரம்மை வாங்காமல் இருப்பதே மேல்.

டிரம்முக்கு வெளிப்புறம் பெயிண்ட் அடியுங்கள். பளபளக்கும் தகரத்தைவிட பெயிண்ட் அடித்த பரப்பு வெப்பத்தை நன்றாக வெளிவிடும். கறுப்புதான் அடிக்க வேண்டும் என்பதில்லை. வெயில் படும் இடம் என்றால் வெள்ளையே நல்லது.

மேலே மூடி வேண்டும், ஆனால் இறுக மூடக்கூடாது. ஆவி வெளியேற வழி வேண்டும். கொசுவலைத் துணியைக் கட்டி அதன் மேல் தகரத்தைத் தளர்வாக வைத்தால், டெங்குக் கொசு முட்டையிடாது. மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தாலும் நமக்குத் தலைக்குனிவு இல்லை. எஞ்சின் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும்போது டிரம்மை முழுதும் வடித்துக் கவிழ்த்து வைப்பதே சிறந்தது. குழந்தைகள் உள்ள வீட்டோடு சேர்ந்த கடை என்றால் மூடி இன்னும் அவசியம். 80 டிகிரித் தண்ணீர் பட்டால் தோல் உரிந்துவிடும்.

என்ன தண்ணீர்?

சாந்தோம்காரர்களுக்கு இதுதான் பெரிய பிரச்சினை. கடற்கரையை ஒட்டிய நமது பகுதியில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு கலந்தது, கடினமானது. அதைச் சூடாக்கினால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது போலவே எஞ்சினின் தண்ணீர் அறையிலும் சுண்ணாம்பு படியும். வார்ப்பிரும்போடு ஒப்பிட்டால் சுண்ணாம்புப் படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன் இருபதில் ஒரு பங்கும் இல்லை. ஒரு மில்லிமீட்டர் படிவு, சிலிண்டர் சுவர் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாகத் தடித்துவிட்டதற்குச் சமம். டிரம்மில் தண்ணீர் நிறைய இருந்தும், குழாய் சரியாக இருந்தும் எஞ்சின் சூடேறுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். அதைவிட மோசம், ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு டிரம்மிலேயே தங்கும். ஆவியான இடத்தை மறுபடி உப்புத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் உப்பு நாளுக்கு நாள் கெட்டியாகும்.

கடல் நீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அவசரத்துக்குக்கூட ஊற்றாதீர்கள். "படகில் ஓடுகிறதே" என்று ஒரு நண்பர் கேட்டார். நொச்சிக்குப்பத்து ஃபைபர் படகுகளில் மாட்டும் நீள வால் எஞ்சின்களில் பல, காற்றால் குளிரும் வகை. கடல் நீரால் குளிரும் பெரிய படகு எஞ்சின்களுக்கு அதற்கென்றே செய்த உலோகப் பாகங்கள் உண்டு. நம் மாவு மில் எஞ்சினுக்கு அது இல்லை.

நல்ல தண்ணீர் நம் தலைக்கு மேலேயே கிடைக்கிறது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மாடியிலிருந்து இறங்கும் மழைநீர் கிட்டத்தட்ட உப்பே இல்லாதது. முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையில் துணியால் வடிகட்டி இரண்டு டிரம் பிடித்து வைத்தால் ஓராண்டுக்கு எஞ்சினுக்கு ஆகும். ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரும் அப்படியே. மேல் மாடியில் இருக்கும் அலுவலகத்தின் ஏ.சி. தண்ணீர் நம் கடை வாசலில் சொட்டுகிறது என்று சண்டை போட்டவர்கள் இனி ஒரு வாளியை வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டும் இல்லாதவர்களுக்கு மெட்ரோ குடிநீர்.

உப்பில்லாத தண்ணீரிலும் இரும்பு துருப்பிடிக்கும். லேத் பட்டறையில் வெட்டும்போது பால் போல ஊற்றுவார்களே, அந்தக் கரையும் எண்ணெயை 200 லிட்டருக்கு 2 லிட்டர் வீதம் கலப்பது பழைய வழக்கம். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ரப்பர் ஹோஸை வருடத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டும். கார்களுக்கு ஊற்றும் பச்சை நிற கூலண்ட், திறந்த டிரம்முக்கு வீண் செலவு, ரேடியேட்டருக்குத்தான் ஏற்றது. அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் விஷம். மளிகைக் கடையில் அதைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது போன்ற அபாயம் வேறில்லை.

சுண்ணாம்பு படிந்துவிட்டால் நீக்குவதற்கும் மருந்து நம் கடையிலேயே உண்டு. லெமன் சால்ட் என்று விற்கிறோமே, அதுதான். டிரம் இணைப்பைக் கழற்றிவிட்டு, எஞ்சினின் தண்ணீர் அறையில் மட்டும் லிட்டருக்கு 50 கிராம் வீதம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றி, சில மணி நேரம் விட வேண்டும். முதலில் நுரை வரும். நுரை அடங்கியதும் வடித்து, சமையல் சோடா கலந்த தண்ணீரால் கழுவி, பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலச வேண்டும். குளியலறை கழுவும் ஆசிட்டை ஊற்றுபவர்கள் உண்டு. அது சுண்ணாம்போடு இரும்பையும் சேர்த்துத் தின்றுவிடும். அலுமினியப் பாகங்கள் உள்ள எஞ்சின் என்றால் லெமன் சால்ட்டைக்கூட மெக்கானிக்கைக் கேட்காமல் ஊற்ற வேண்டாம்.

குளிர்ச்சி அதிகமானாலும் கெடுதல்

இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். எஞ்சின் எவ்வளவு குளிர்ச்சியாக ஓடுகிறதோ அவ்வளவு நல்லது என்று எண்ணி, மோட்டார் குழாயிலிருந்து நேராக ஒரு ஹோஸ் கொடுத்து, ஒரு பக்கம் உள்ளே, மறு பக்கம் சாக்கடைக்கு என்று விட்டுவிடுகிறார்கள். 2019-இல் செம்பரம்பாக்கமும் பூண்டியும் வறண்டு, தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற நகரத்தில் இது பெரும் வீணடிப்பு. எஞ்சினுக்கும் இது கேடு. 40 டிகிரியில் ஓடும் சிலிண்டரில் டீசல் முழுதும் எரியாது. எரிந்ததில் உள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிச் சிலிண்டர் சுவரை அரிக்கும். வெள்ளைப் புகை வருவதும், சைலன்ஸர் வாயில் கறுப்புக் கசடு வழிவதும் இதன் அறிகுறிகள். மேல் குழாயில் திரும்பி வரும் தண்ணீர் 70 முதல் 85 டிகிரி வரை இருப்பதே சரி. அங்கே ஒரு டயல் தெர்மாமீட்டர் பொருத்துவது பெரிய செலவில்லை. அது இல்லாதவர்கள் மேல் குழாயைத் தொட்டுப் பார்க்கலாம். மூன்று எண்ணும் வரை கை வைத்திருக்க முடிந்தால் எஞ்சின் இன்னும் சரியாகச் சூடேறவில்லை என்று பொருள்.

ரேடியேட்டர் மாட்டலாமா?

இடம் இல்லாத கடைக்காரர்கள் புதுப்பேட்டையில் பழைய கார் ரேடியேட்டர் வாங்கி மாட்டுவதுண்டு. கார் எஞ்சின் நம்முடையதைப் போல பல மடங்கு பெரியது என்பதால் அளவு தாராளமாகப் போதும். ஆனால் கார் ஓடும்போது கிடைக்கும் காற்று இங்கே இல்லை. ஒரு விசிறி வைத்தே ஆக வேண்டும். தண்ணீர் மேலிருந்து கீழே இறங்கும் அம்பாசடர் போன்ற பழைய பித்தளை ரேடியேட்டர்களில் பம்ப் இல்லாமலும் தண்ணீர் ஓரளவு சுற்றும். குறுக்கே ஓடும் மெல்லிய குழாய்கள் கொண்ட சின்னக் கார் ரேடியேட்டருக்குப் பம்ப் தேவை. அம்பாசடர் 2014-லேயே நின்றுவிட்டதால் நல்ல ரேடியேட்டர் கிடைப்பதும் அரிதாகி வருகிறது. கடற்காற்றில் அதன் மெல்லிய தகடுகள் பொடிப்பொடியாக உதிர்வதையும் பார்த்திருக்கிறேன். என் அபிப்பிராயத்தில், கடலிலிருந்து அரை மைலுக்குள் கடை வைத்திருப்பவர்களுக்கு டிரம்மே நல்லது. ஓட்டை விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

ஹோண்டா, பிர்லா யமஹா போன்ற சின்ன ஜெனரேட்டர்கள் ஒரு காலத்தில் கடைக்குக் கடை வாசலில் இரைந்துகொண்டிருந்தன. அவை காற்றால் குளிர்பவை. தண்ணீர் வேலை இல்லை. சிலிண்டரைச் சுற்றியுள்ள மடிப்புத் தகடுகளில் தூசியும் எண்ணெயும் படியாமல் பிரஷ்ஷால் சுத்தம் செய்வதும், மழைக்குப் பயந்து சாக்கால் மூடிவிட்டு ஓட்டாமல் இருப்பதுமே முக்கியம்.

அறையும் காற்றும்

டிரம்மிலிருந்து வெளியேறும் வெப்பம் எங்கே போகும்? அறைக்குள்தான். 5 குதிரைத்திறன் எஞ்சினும் டிரம்மும் சேர்ந்து மூன்று, நான்கு இஸ்திரிப் பெட்டிகளை ஓயாமல் போட்டு வைத்தது போல அறையைச் சூடாக்கும். கீழே ஒரு காற்று வழியும், எதிர்ச் சுவரில் மேலே ஒரு வழியும் இல்லாவிட்டால் டிரம் குளிராது. சரக்கு வைத்திருக்கும் அறையில் எஞ்சினை ஓட்டினால் வெல்லம் கசியும், மெழுகுவர்த்தி வளையும். தேயிலைத் தூள் ஒரே இரவில் டீசல் வாசத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தேயிலையை வாங்கிய வாடிக்கையாளர் மறுபடி நம் கடைக்கு வருவாரா?

புகைக் குழாயை வெளியே கொண்டுபோய் விடாமல், ஷட்டரைப் பாதி இறக்கி உள்ளே ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. மண்ணெண்ணெய், பெட்ரோல் எஞ்சின் என்றால் இன்னும் அதிகம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. புயல் இரவில் சரக்குக்குக் காவலாகக் கடைக்குள்ளேயே ஆளைப் படுக்கவைத்து எஞ்சினை ஓட்டாதீர்கள். அதேபோல, கடை வயரிங்கோடு எஞ்சினை இணைக்கும்போது சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைத்தால், நம் கரண்ட் தெருக் கம்பிக்குப் போய், அறுந்த கம்பியைச் சீர் செய்ய ஏறும் மின்வாரியத் தொழிலாளியைத் தாக்கும்.

சூடேறிவிட்டால்

தண்ணீர் மட்டம் கோட்டுக்கு மேலே இருந்து, சூடு மட்டும் ஏறியிருந்தால், சுமையை எடுத்துவிட்டு எஞ்சினை வெறுமனே ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். சுற்றோட்டம் நடப்பதால் மெல்ல ஆறும். தண்ணீர் மட்டம் கோட்டுக்குக் கீழே போய்விட்டது என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் எதுவும் செய்யாமல் இருப்பதுதான் கடினமான வேலை. எஞ்சினைக் கையால் தொட முடிகிற அளவுக்கு அது தானாக ஆறிய பின்பே தண்ணீர் ஊற்றலாம். ரேடியேட்டர் வைத்திருப்பவர்கள் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் அடங்கியிருந்த தண்ணீர் மூடியைத் திறந்ததும் கொதித்து முகத்தில் பீறிடும்.

புயல் நாட்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. கரண்ட் இல்லாததால் கிணற்று மோட்டார் ஓடாது. மொட்டைமாடித் தொட்டி இரண்டாம் நாளே காலியாகும். கரண்டுக்கு எஞ்சின் வேண்டும், எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்குக் கரண்ட் வேண்டும். ஆகவே எஞ்சினுக்கென்று தனியாக 50 லிட்டர் கேன் இரண்டு, டிரம்முக்கு மேலே ஒரு பலகையில் இப்போது வைத்திருக்கிறோம். அதிலிருந்து ஒரு மிதவை வால்வு, சிவப்புக் கோட்டின் மட்டத்தில், தண்ணீர் குறையக் குறைய விட்டுக்கொண்டே இருக்கிறது. ஓவர்ஹெட் தொட்டிக்குப் போடும் சாதாரண மிதவைதான். பித்தளை மிதவையாகப் பார்த்து வாங்கினோம், பிளாஸ்டிக் பந்து சூட்டில் அமுங்கிப்போகிறது.

விளக்கும் தராசும் பில் போடும் இயந்திரமும் மட்டும் உள்ள கடைக்கு இதெல்லாம் வேண்டாம். ஒரு இன்வெர்ட்டரும் பேட்டரியும் போதும். 2021-இல் சென்னையில் டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டியபோதே அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. புதிதாக எஞ்சின் வாங்க யோசிப்பவர்கள், பழைய திறந்த எஞ்சினை விட ஒலித்தடுப்புக் கூண்டோடு வரும் செட்டையே பார்க்க வேண்டும். 2005-க்குப் பின் தயாரிக்கப்படும் டீசல் ஜெனரேட்டர்களுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபல் என்ற சத்த வரம்பு விதிக்கப்பட்டிருக்கிறது. கூண்டின் காற்று வாயை அரிசி மூட்டையால் மறைக்காமல் இருந்தால் சரி. ஏற்கெனவே எஞ்சின் வைத்திருப்பவர்கள், ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் மேல் கிடக்கும் சாக்கை எடுத்து, டிரம்மை நிரப்பி, ஒரு மணி நேரம் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். மேல் குழாய் சுட்டு, கீழ்க் குழாய் வெதுவெதுப்பாக இருந்தால் தண்ணீர் சுற்றுகிறது. மேலே கொதிக்க, கீழே பச்சைத் தண்ணீராகவே இருந்தால் எங்கோ அடைப்பு இருக்கிறது, ஹோஸைக் கழற்றிப் பாருங்கள்.